கிளீனர் சைடு மட்கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை கேட்டேவிட்டார்.

"நீங்கதான அந்தப் பத்தி எழுதறவரு? பச்சை வண்டி இன்னா ஆச்சு சார்? ரெண்டு மாசமா அதப் பத்தி ஒரு வரியும் காணோம். வித்துட்டீங்களா?"

விற்பதா! எனக்கு வந்த ஆத்திரத்தில் பூச்சிக் கத்திரிக்காயையும் சேர்த்து அள்ளித் தராசில் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தனியாகக் கலாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கலா என் மனைவி. இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு அவளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புதியவர்கள் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

பச்சை வண்டியைப் பற்றி இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. முடிவு தெரியாத விஷயத்தை எழுதி, கடைசியில் மூக்கு உடைந்தால் யார் பதில் சொல்வது?

இப்போது தெரிந்துவிட்டது. சொல்கிறேன்.

எங்கள் ஊர் உறுவையாறு. பச்சை வண்டி என்பது என் அப்பா வாங்கிய பழைய பிக்கப். நீண்ட மூக்கு. இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நிற்கும் மட்கார்டு. அந்த மட்கார்டுக்குள்ளேயே உருண்டையாக ஹெட்லைட். கம்பெனி இந்த மாடலை நிறுத்தியபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. கரும்பு ஏற்றியிருக்கிறது, நெல் மூட்டை ஏற்றியிருக்கிறது. ஆனால் ஊரில் அதற்கு மரியாதை வந்தது அதனால் அல்ல. வருஷா வருஷம் மாசி மகத்துக்கு எங்கள் ஊர் அம்மனை வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு அழைத்துப் போவது இந்த வண்டிதான். அப்பா காலத்தில் அப்பா ஓட்டினார். இப்போது நான் ஓட்டுகிறேன். அன்று ஒரு நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்காரும் தோரணை இருக்கிறதே... சரி, அதைக் கலா சொன்னால்தான் நன்றாக இருக்கும். "மீதி முந்நூத்தி அறுபத்து நாலு நாளும் கூன் போட்டுக்கிட்டு உக்காருவாரு" என்பாள்.

கார்த்திகை மாதம் ஒரு காலை, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கலா என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் துணி மட்கார்டுக்குள் போயிருந்தது. துணியோடு அவள் கையும் மணிக்கட்டு வரைக்கும் போயிருந்தது.

துரு! மேலே பெயின்ட் மினுமினு என்று இருக்கிறது. உள்ளே தகடே இல்லை. அப்பளம் மாதிரி தொட்ட இடமெல்லாம் நொறுங்கியது. கடல் காற்று, உப்பு மணல் என்று நான் உடனே காரணம் சொன்னேன். வருஷத்தில் ஒரு நாள் கடலுக்குப் போகிற வண்டிக்கு இவ்வளவு உப்பா என்று கலா கேட்டாள்.

ஊரில் விஷயம் பரவாமல் இருக்குமா? விழாக்குழுக் கூட்டத்தில் வந்து நின்றது. குழுவின் தலைவர் தனசேகரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் சிலேட்டைப் பார்த்து எழுதியவன். அவன் ரொம்பத் தன்மையாகத்தான் ஆரம்பித்தான். இந்த வருஷம் ஒரு மினி லாரி பேசிக்கொள்ளலாம், உனக்கும் வயசாகிறது, வண்டிக்கும் வயசாகிறது என்றான். நான் முறைத்தேன். அப்புறம் தன்மை போய்விட்டது.

"டேய், அம்மன ஏத்திக்கினு போறப்ப பாதி வழியில மட்கார்டு கழண்டு வுழுந்தா, நீ இன்னா மூஞ்சிய வச்சிக்குவ?"

நான் எழுந்து நின்றேன். தை அமாவாசைக்குள் வண்டியைப் புது மட்கார்டோடு கோயில் முன்னால் கொண்டு வந்து நிறுத்துகிறேன். நிறுத்தவில்லை என்றால் இந்த வருஷம் மட்டும் அல்ல, இனி எந்த வருஷமும் என் வண்டியை எடுங்கள் என்று கேட்க மாட்டேன் என்றேன்.

யாராவது கேட்டார்களா? இல்லை. எனக்கு நானே போட்டுக்கொண்ட சுருக்கு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் நான் பட்டம் வாங்கியவன்.

மறுநாளே கிளம்பினேன். விழுப்புரத்தில் பழைய இரும்புக் கடை ஒன்று விடவில்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒரு முழு நாள் சுற்றினேன். போனில் போட்டோவைக் காட்டினால் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருவர் தன் பார்ட்னரைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்னொருவர் இதை மியூசியத்தில் கேளுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர், கோயம்புத்தூரில் பழைய ஸ்டாக் வைத்திருக்கிற ஒருவரின் நம்பரைக் கொடுத்தார்.

போன் போட்டேன். "இருக்குதுங்க, ஒரே ஒரு பீஸ். வண்டியில ஏறாத பீஸ்" என்றார் அவர். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி கண்ணுக்குள் வந்து நின்றது. வலது பக்கம் என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்று மறுபடி கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக நான் பார்க்கிற வண்டி, எனக்குத் தெரியாதா?

பார்சல் வருவதற்குள், மாட்ட ஓர் ஆள் வேண்டும். தகடு வேலை செய்கிற டிங்கர்கள் இரண்டு பேரிடம் காட்டினேன். இரண்டு பேரும் ஒட்டுப் போட்டுப் பட்டி பூசித் தருகிறோம் என்றார்கள். புது பீஸ் வருகிறது என்றால், இந்தப் பழைய வண்டியில் கை வைத்தால் வேறு எதுவெல்லாம் கழண்டு வருமோ, வேண்டாம் சார் என்று கும்பிட்டார்கள். கலாதான் சொன்னாள். அவள் அண்ணன் மகள் காரை ஒரு பெண் சரி செய்து கொடுத்தாளாம். மதகடிப்பட்டில், விழுப்புரம் ரோட்டு மேலேயே ஷெட்டாம்.

போனேன். ஷெட்டில் ஒரே ஓர் ஆள், வெல்டிங் முகமூடியோடு குனிந்து வேலை செய்துகொண்டிருந்தது. ஓனர் இல்லையா என்று கேட்டேன். முகமூடி மேலே போனது.

"சொல்லுங்க."

முப்பத்தைந்து வயது இருக்கும். நான் விடுவேனா? டிங்கர் எப்போது வருவார் என்று கேட்டேன்.

"சொல்லுங்கன்னேன்ல."

இப்படித்தான் ஸ்டெல்லாவும் நானும் அறிமுகமானோம். நான் சொன்ன முதல் இரண்டு வாக்கியமும் அசட்டு வாக்கியம். அதற்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். செல்லிப்பட்டுப் பெண். ஐடிஐ முடித்துவிட்டுச் சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பாடி செக்‌ஷனில் பத்து வருஷம் இருந்தவள். போன வருஷம்தான் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். மட்கார்டு வந்தால் மாட்டிவிடலாம், வராவிட்டால் செய்துவிடலாம் என்றாள்.

செய்வதா? மட்கார்டு என்ன மசால்வடையா? மனசுக்குள்தான் கேட்டேன்.

பார்சல் வந்தது. ஸ்டெல்லாவின் ஷெட்டிலேயே பிரித்தேன். எண்ணெய்க் காகிதம், அதற்குள்ளே இன்னொரு எண்ணெய்க் காகிதம், அதற்குள்ளே கறுப்பு பிரைமரோடு... அடடா! ஒரு கீறல் இல்லை. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா அதை இரண்டு கையாலும் தூக்கி, ஓட்டை விழுந்த பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஹெட்லைட் ஓட்டை ரோட்டைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்தது.

மெதுவாகக் கீழே வைத்தாள். என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்றாள். வலது பக்கம் என்றேன்.

"எங்க நின்னுகினு வலது பக்கம்?"

இது என்ன கேள்வி? நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்ட வண்டியைப் பார்த்து நிற்பேனே, அதே இடம். வலது கையை நீட்டினேன். கைக்கு நேராக ஓட்டை மட்கார்டு. பார், இதுதானே வலது?

டிரைவர் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். வலது கையை நீட்டினேன்.

ஐயோ.

"லெஃப்டு ரைட்டுன்னே கேக்கக் கூடாதுண்ணா. டிரைவர் சைடா, கிளீனர் சைடான்னு கேட்டா கொழப்பமே வராது. உங்களுக்குப் போனது கிளீனர் சைடு. வந்திருக்கறது டிரைவர் சைடு."

இத்தனை வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் வண்டி எனக்கு எதிரேதான் நிற்கிறது, சாமி நிற்கிற மாதிரி. ஓட்டுகிறவன் ஞாபகம் போய்க் கும்பிடுகிறவன் ஞாபகம்தான் மிச்சம் இருக்கிறது. இந்தத் தப்பை நம் ஊரைத் தவிர வேறு எங்கேயாவது ஒருவன் செய்வானா, சொல்லுங்கள்?

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கலா மூன்று நாள் சிரித்தாள்.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கத்துப் பீஸ் இல்லவே இல்லை. "நான் ரெண்டு வாட்டி கேட்டேனுங்களே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். தை அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அப்பா கொண்டுபோன அம்மன், என் வாய்த் துடுக்கால் இனி யாருடைய மினி லாரியிலோ போகப் போகிறாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

மறுநாள் வண்டியைத் திருப்பி எடுத்துவரப் போனேன். ஸ்டெல்லா அதற்குள் பழைய மட்கார்டைக் கழற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் பேப்பரை விரித்து அதன் மேல் ஒரு குவியல். கறுப்பாக, கெட்டியாக, எரு மாதிரி. இது என்ன என்று குனிந்தேன். காய்ந்த சாமந்தி. நார். வேப்பிலைக் காம்பு. எலுமிச்சம்பழத் தோல். நடுநடுவே குங்குமச் சிவப்பு.

"கடல் காத்துலாம் இல்லண்ணா. இதான். பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குது. நீங்க போடற மாலை அதுல எறங்கி உக்காந்துகிச்சு. மேல தண்ணி ஊத்த ஊத்த, ஈரம் காயவே இல்ல. இந்த ஒரு சைடு மட்டும் ஏன்னுதான் எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. நான் வலது கைக்காரன். எதிரே நின்றால் மாலை போடுவது, குங்குமம் வைப்பது, கற்பூரத் தட்டை வைப்பது எல்லாம் வலது கைக்கு எட்டிய பக்கம்தான். டிரைவர் சைடுக்கு என் பக்தி எட்டவில்லை. அதனால் அது பிழைத்துக்கொண்டது!

நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் இதைத்தான் செய்கிறோம், இல்லையா? பிடித்த விருந்தாளிக்குப் பரிமாறிப் பரிமாறி வயிற்றைக் கெடுத்து அனுப்புவோம். பிடித்த பிள்ளையை ஊட்டி ஊட்டிக் கையாலாகாதவனாக்குவோம். பிடிக்காதவனை யார் இப்படிக் கெடுக்கிறார்கள்? அவன் நன்றாக இருக்கிறான்.

அந்தக் குவியலை ஸ்டெல்லா குப்பையில் போடவில்லை. தான் சர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் கொட்டத் தனக்கு மனசு வரவில்லை, நீங்களே எடுத்துப் போங்கள் என்று பேப்பரோடு மடித்துக் கொடுத்தாள். கலா அதைத் தென்னை மரத்தடியில் போட்டாள்.

பொட்டலத்தைக் கொடுத்த கையோடு ஸ்டெல்லா இன்னொன்றும் சொன்னாள். வண்டியை எடுத்துப் போக வேண்டாம். மட்கார்டை அவளே செய்கிறாள்.

நான் நம்பாமல் பார்த்தேன். தப்பாக வந்த பீஸ்தான் இப்போது கைகொடுக்கப் போகிறது என்று பொறுமையாக விளக்கினாள். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற டிரைவர் சைடு மட்கார்டு பல தடவை அடிபட்டுப் பட்டி பூசியது. அதைப் பார்த்துச் செய்தால் கோணலைப் பார்த்துக் கோணலைத்தான் செய்ய முடியும். பார்சலில் வந்தது அடிபடாத கம்பெனி பீஸ். வளைவு எல்லாம் அப்படியே இருக்கிறது. அதை அளவெடுத்து, அளவைத் திருப்பிப் போட்டால் கிளீனர் சைடு வந்துவிடும். புது பீஸை டிரைவர் சைடில் மாட்டிவிடலாம்.

"முடியுமாம்மா?"

"முடியாதுன்னா நேத்தே சொல்லியிருப்பேண்ணா."

தினமும் போனேன். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இரண்டு. பிடிக்கச் சொன்னதைப் பிடிப்பது, பேசாமல் இருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம். அந்தக் கம்பெனி பீஸின் மேல் சாண் சாணாகக் கோடு போட்டாள். ஒவ்வொரு கோட்டுக்கும் அட்டையை வெட்டி, வளைவு அச்சாக உட்காரும் வரை செதுக்கி, நம்பர் போட்டாள். அட்டைகளைத் திருப்பி வரிசையாக நிறுத்தியபோது, இல்லாத மட்கார்டின் எலும்புக்கூடு தரையில் நின்றது. அப்புறம் தகடு. மூன்று துண்டு. மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டுவாள், அட்டையை வைத்துப் பார்ப்பாள், மறுபடி தட்டுவாள். ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவில் உள்ளங்கையால் தகட்டைத் தடவுவாள். கண்ணை மூடிக்கொண்டு!

ஏழாவது நாள் தனசேகரன் எட்டிப் பார்க்க வந்தான். மூன்று வளைந்த தகடு கிடந்ததைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எதிரியைக்கூட அப்படிப் பரிதாபமாகப் பார்க்கக் கூடாது. அன்று சாயங்காலம் மூன்றையும் வெல்டு வைத்துச் சேர்த்தபோது ஹெட்லைட் வளையம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று வாயைத் திறந்தேவிட்டேன்.

ஸ்டெல்லா கட்டரை எடுத்து முன்துண்டை அறுத்துத் தூரப் போட்டாள். புதுத் தகட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். நான்கே நாள் இருக்கும்போது! வீட்டுக்கு வந்து கலாவிடம் புலம்பினேன். "அவதான் வேல தெரிஞ்சவ. நீ சும்மா இரு" என்று முடித்துவிட்டாள். கோபம் வந்தால்தான் கலா என்னை நீ என்பாள்.

தை அமாவாசை காலை. பச்சை வண்டி கோயில் முன்னால் நின்றது. பெயின்ட் வாசனை போகவில்லை. ஊரே கூடியிருந்தது. தனசேகரன் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினான். கும்பிடுகிற சுற்று இல்லை, குற்றம் கண்டுபிடிக்கிற சுற்று. குனிந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான், மட்கார்டைப் பிடித்து உலுக்கிக்கூடப் பார்த்தான். வண்டிதான் ஆடியது, மட்கார்டு ஆடவில்லை.

"தேங்காய ஒடைடா" என்றான்.

மாசி மகத்தன்று ஸ்டெல்லா ஸ்கூட்டியில் வந்திருந்தாள். ஓரமாகப் பின்னாலேயே வருகிறேன் என்றாள். முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில், விழாக்குழுத் தலைவர் உட்காருவதுதான் வழக்கம். தனசேகரன் கதவைத் திறந்தான். ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே, "நீ ஏறி உக்காரும்மா. எதுனா கழண்டா நீதான மாட்டணும்" என்றான். பிறகு பின்னால் ஏறி அம்மன் பக்கத்தில் நின்றுகொண்டான். மரியாதையைக்கூட மரியாதையாகக் கொடுக்க வராது அவனுக்கு. ஆனால் கொடுத்தான். என் சிலேட்டைப் பார்த்து எழுதியவன் அன்று என்னைவிட நன்றாக எழுதிவிட்டான்.

உறுவையாற்றிலிருந்து வைத்திக்குப்பம் வரைக்கும் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்கிறீர்களா? நிமிர்ந்து. தெருத்தெருவாகச் சனம் நின்று அம்மனைக் கும்பிட்டது. அதில் நாலு பேர் வண்டியையும் பார்த்தார்கள். அந்த நாலு பேரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடற்கரையில் அம்மனை இறக்கிய பிறகு, வண்டி ஓரமாக நின்றது. டவுன்காரர் ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கிறவராம், கழுத்தில் கேமரா. ரொம்ப நேரம் சுற்றினார். சப்பணம் போட்டு மணலில் உட்கார்ந்து அடியில்கூடப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்து, ஒரு பக்க மட்கார்டு கம்பெனி பீஸ், இன்னொன்று கையால் செய்தது, சரிதானே என்றார்.

எனக்குத் திக்கென்றது. கண்டுபிடித்துவிட்டாரே! எது எது என்று கேட்டேன்.

கிளீனர் சைடு மட்கார்டின் மேல் கையை வைத்தார். "இதுதான் சார் ஒரிஜினல். இந்த வளைவப் பாருங்க, எவ்வளவு சுத்தமா ஓடுது! டிரைவர் சைடு ரீமேக். அதுவும் மோசம் இல்ல, ஆனா இந்த ஃபினிஷிங் வரல."

என் நெஞ்சு எவ்வளவு விரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் போலிருந்தது. மோர்ப் பந்தலில் டம்ளரோடு நின்றிருந்த ஸ்டெல்லாவைக் கை காட்டினேன். கிளீனர் சைடைச் செய்தது அந்தப் பெண்தான், டிரைவர் சைடுதான் கம்பெனி பீஸ் என்றேன்.

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். மட்கார்டைப் பார்த்தார். மறுபடி ஸ்டெல்லாவைப் பார்த்தார். இதை நீங்களா செய்தீர்கள், எப்படி என்றார்.

ஸ்டெல்லா மீதி மோரைக் குடித்து முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனியில நிமிஷத்துக்கு ஒண்ணு அடிப்பாங்க சார். நான் இது ஒண்ண பதினோரு நாள் அடிச்சேன்."